சாத்தனூர் அணை இருந்தும் பெண்ணையாறு ஏன் ஊருக்குள் வருகிறது?

கடலூர் ஆல்பேட்டைப் பக்கம் மனை பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "வெள்ளத்தைத் தடுக்கத்தானே சாத்தனூர் அணை? அப்புறம் 2024-இல் ஏன் பெண்ணையாறு ஊருக்குள் வந்தது? கரண்ட் எடுக்கத் தண்ணீரைப் பிடித்து வைத்துவிட்டு, கடைசி நேரத்தில் திறந்துவிட்டார்கள் என்கிறார்களே, உண்மையா? பக்ரா நங்கல் மாதிரி ஒரு பெரிய பல்நோக்கு அணை கட்டினால் தீருமா?"

மூன்று கேள்வி. கரண்ட்டைப் பற்றியது சுலபம், வெள்ளத்துக்கு அது காரணமே இல்லை. பெரிய அணையைப் பற்றியதற்கும் பதில் இருக்கிறது, கட்ட இடம் இல்லை. முதல் கேள்விதான் நிஜமான கேள்வி. அதற்குக் கொஞ்சம் பொறுமையாக உட்கார்ந்து படிக்க வேண்டும்.

அணை, ஏரி, மதகு என்றே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது மஞ்சக்குப்பத்தில் வாசம். அக்கா வீடு பெண்ணைக் கரையோரம். அந்த டிசம்பரில் அவர்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். ஒரு வாரம் கழித்துச் சேற்றை வழிக்கப் போனபோது, சுவரில் மாட்டியிருந்த தினசரிக் காலண்டர் அடிப்பக்கம் ஊறி உப்பிப்போய், "2, திங்கள்" என்ற தாளோடு நின்றிருந்தது. கிழிக்க ஆள் இல்லை. அக்கா அந்தக் காலண்டரைத் தூக்கிப் போடும்போது என்னிடம் கேட்டதும் ஏறக்குறைய இதே கேள்விதான்: "நீங்கள்லாம் அணைய கட்டிட்டு என்னடா பண்றீங்க?"

சரி, அணை என்ன பண்ணும், என்ன பண்ணாது என்று பார்ப்போம்.

பல்நோக்கு அணை என்ற பெயரிலேயே ஒரு வில்லங்கம் இருக்கிறது. பாசனத்துக்கும் குடிநீருக்கும் மின்சாரத்துக்கும் அணை நிரம்பி இருக்க வேண்டும். வெள்ளத்தைத் தடுக்க வேண்டுமென்றால் அது காலியாக இருக்க வேண்டும். ஒரே குடத்தை நிறைகுடமாகவும் வெறுங்குடமாகவும் வைத்திரு என்று சொல்வது மாதிரிதான். உலகத்தில் எந்தப் பல்நோக்கு அணையை எடுத்தாலும் இந்த இழுபறி இருக்கும். அதைச் சமாளிக்க இரண்டு வழிதான் உண்டு. ஒன்று, அணை மிகப் பெரியதாக இருக்க வேண்டும், மேலே கொஞ்சம் இடத்தை வெள்ளத்துக்கென்றே ஒதுக்கிவைக்கலாம். இல்லையென்றால் வெள்ளம் வரும் மாதமும் தண்ணீர் சேமிக்க வேண்டிய மாதமும் வேறு வேறாக இருக்க வேண்டும். நமக்கு இரண்டுமே வாய்க்கவில்லை.

மாதக் கணக்கை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் வெளியூர்க்காரர்கள் எழுதும் அணைக் கட்டுரைகளில் இது வரவே வராது. நம் பக்கம் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்துவிடும். சாத்தனூர் நிரம்புவதும் பெரும்பாலும் அப்போதுதான். பொங்கல் தாண்டி, மாசி வாக்கில் இரண்டு பக்கக் கால்வாய்களிலும் தண்ணீர் விடுவார்கள், சுமார் 45,000 ஏக்கர் அதை நம்பியிருக்கிறது. திருவண்ணாமலை குடிநீருக்கும் அதுதான். நவம்பர் கடைசியில் அணையை அதிகாரி காலி பண்ணி வைத்து, வரும் என்ற புயல் ஆந்திரா பக்கம் திரும்பிப் போய்விட்டால், அப்புறம் எங்கே போய் நிரப்புவது? அடுத்த மழைக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

இது கற்பனை இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் அணையில் (எது என்று வேண்டாம்) இப்படித்தான் நடந்தது. வானிலை அறிவிப்பை நம்பி மூன்று நாள் முன்னாடியே ஷட்டரைத் தூக்கினார் மேலதிகாரி. புயல் வரவில்லை. அந்தக் கோடையில் கடைமடை வயலுக்குத் தண்ணீர் எட்டவில்லை, விவசாயிகள் எங்கள் ஜீப்பை மறித்து, "கடல்ல விட்ட தண்ணிய எடுத்துட்டு வா" என்று கேட்டார்கள். ஜீப்பின் பின்சீட்டில் நான். அதற்கு அடுத்த வருடம் அதே மனிதர், அதே மாதிரி அறிவிப்பு வந்தபோது, ஷட்டர் பக்கமே போகவில்லை. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். முன்கூட்டித் திறந்து ஏமாந்தவனைத் திட்ட ஊரே வரும், திறந்து ஊரைக் காப்பாற்றியவனை யாருக்கும் தெரியாது, வராத வெள்ளத்தை யார் பார்த்தார்கள்?

இப்போது அளவு. சாத்தனூர் அணை 1958-இல் காமராஜர் முதல்வராக இருந்த காலத்தில் முடிந்தது. செங்கம் பக்கம், சென்னகேசவ மலைகளுக்கு நடுவே. உயரம் 119 அடி, கொள்ளளவு 7.3 டி.எம்.சி. அதாவது 730 கோடி கன அடி. கேட்டால் பெரிதாக இருக்கும். மேட்டூர் 93.47 டி.எம்.சி. நீங்கள் சொன்ன பக்ரா, சுமார் 330 டி.எம்.சி.

2024 டிசம்பர் 2 விடியற்காலையில் சாத்தனூரிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறக்கப்பட்டது. கால்குலேட்டரை எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த வேகத்தில் தண்ணீர் வந்தால், ஒரு சொட்டுகூட இல்லாமல் காய்ந்து கிடக்கும் சாத்தனூர் அணையே 12 மணி நேரத்தில் நிரம்பிவிடும். முழுக்கக் காலியாக வைத்திருந்தால்! நடைமுறையில், மிகவும் தைரியமான ஓர் அதிகாரி 1 டி.எம்.சி. இடத்தைக் காலியாக வைத்திருந்தார் என்று வைத்துக்கொண்டால், இரண்டு மணி நேரத்தில் அதுவும் தீர்ந்தது. வெள்ளம் அப்படியே ஒரே வேகத்தில் வந்துகொண்டிருக்காது, ஏறும், உச்சத்துக்குப் போகும், இறங்கும், அதெல்லாம் உண்மைதான். ஆனாலும் அளவு என்னவென்று புரிந்திருக்கும்.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. வழக்கமாகக் கரையேறிய புயல் வேகமாக உள்ளே போய்க் கரைந்துவிடும். இது நகரவே மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டது. புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அப்புறம் மெல்ல மேற்கே நகர்ந்து, அடுத்த நாள் ஊத்தங்கரையில் 50 செ.மீ. இந்த ஊத்தங்கரைதான் முக்கியம். அங்கே பெய்தால் பாம்பாறு வழியாகப் பெண்ணையாற்றில் சேர்ந்து நேராகச் சாத்தனூருக்கு வரும். நந்தி மலைப் பக்கம் பிறந்து ஓசூர், கிருஷ்ணகிரி என்று இறங்கி வரும் ஆறு இது, வழியில் கெலவரப்பள்ளி அணை, கிருஷ்ணகிரி அணை. அவையெல்லாம் இதைவிடச் சின்னவை, மாதக் கடைசியில் சம்பளப் பை மாதிரி, இருப்பதாகப் பெயர்.

ஆக, ஏற்கெனவே நிரம்பும் நிலையில் உள்ள அணைக்கு ராத்திரி நேரத்தில் லட்சக்கணக்கில் தண்ணீர் வருகிறது. ஷட்டரைத் திறக்காமல் இருக்க முடியாதா என்று கேட்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். நீர் மட்டம் அணையின் மேல் விளிம்பைத் தாண்டி வழிய ஆரம்பித்தால், மண் கரை உள்ள பகுதி அரிக்கும். அரித்தால் அணை போகும். அப்போது 1.68 லட்சம் இல்லை, அணையில் உள்ள மொத்தமும் ஒரே வீச்சில் வரும். அதனால் அந்த நேரத்தில் எந்தப் பொறியாளரும் திறக்கத்தான் செய்வார், நானாக இருந்தாலும் திறந்திருப்பேன்.

முன்னறிவிப்பு வேறு விஷயம். அதில் கோபப்பட உங்களுக்கு உரிமை உண்டு. நடுராத்திரியில் சொன்னார்கள், ஜனங்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள் என்றன எதிர்க்கட்சிகள். ஐந்து முறை எச்சரிக்கை விட்டோம் என்றது அரசு. என் அக்காவைக் கேட்டால், யாரோ மைக்கில் ஏதோ சொல்லிக்கொண்டு ஆட்டோவில் போனான், மழைச் சத்தத்தில் "தண்ணி" என்ற வார்த்தை மட்டும்தான் காதில் விழுந்தது என்பாள். "1.68 லட்சம் கன அடி" என்று தெளிவாகக் கேட்டிருந்தாலும் அவளுக்கு என்ன புரிந்திருக்கும்? உன் வீட்டுத் திண்ணை முழுகும், மாட்டை அவிழ்த்துவிடு என்று சொன்னால்தான் புரியும். இத்தனை கன அடி என்றால் எந்தத் தெரு வரை வரும் என்று வரைபடம் போட்டு ஒவ்வொரு ஊராட்சி அலுவலகச் சுவரிலும் எழுதி வைப்பது ஒன்றும் ராக்கெட் வேலை இல்லை. அணைக்குச் செலவழித்ததில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

இனி கரண்ட். சாத்தனூரில் ஒரு சின்ன மின் நிலையம் உண்டு, 7.5 மெகாவாட். அணை கட்டிப் பல காலம் கழித்து, 1999-இல்தான் வந்தது. எப்படியும் கீழே விடப் போகும் தண்ணீர், போகிற போக்கில் டர்பைனைச் சுற்றிவிட்டுப் போகிறது, அவ்வளவுதான். 7.5 மெகாவாட் என்றால் எவ்வளவு? நம் மாவட்டத்து நெய்வேலி இரண்டாம் அனல் மின் நிலையத்தில் 210 மெகாவாட் யூனிட் ஏழு இருக்கின்றன. அதில் ஒரு யூனிட்டுக்கு ஈடு கொடுக்க 28 சாத்தனூர் வேண்டும். இந்தச் சுண்டைக்காய்க்காக யாரும் அணையை நிரப்பி வைத்துக்கொண்டு ஊரை முழுகடிக்க மாட்டார்கள்.

நீர்மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் இது இன்னும் விளங்கும். எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறது, இந்த இரண்டின் பெருக்கல்தான் மின்சாரம். 100 அடி உயரத்திலிருந்து விநாடிக்கு 1000 கன அடி விழுந்தால் சுமார் 7 மெகாவாட். நீலகிரியில் பைக்காரா மின் நிலையம் 1932-லேயே வந்தது, அங்கே தண்ணீர் குழாய் வழியாக ஏறத்தாழ 3000 அடி இறங்குகிறது. அதனால் அதே 7 மெகாவாட்டுக்கு அங்கே 30, 35 கன அடி போதும், நம்மூர்ப் பாசன வாய்க்கால் ஒன்றில் ஓடும் அளவுதான். மலைக்காரர்களுக்குத் தண்ணீர் கொஞ்சம், உயரம் ஏராளம். கடலூரில் தண்ணீர் ஏராளம், உயரம் எங்கே? ஆற்றுப் பாலத்தின் மேல் ஏறி நின்றால் கடல் வாசனையே வந்துவிடும்.

இன்னொரு சந்தேகமும் வரும், வெள்ளத் தண்ணீரையே கரண்ட்டாக மாற்றிவிடலாமே என்று. 1.68 லட்சம் கன அடி வந்த அன்றைக்கு டர்பைன் வழியாகப் போகக்கூடியது ஆயிரம் கன அடி அளவில். மீதியெல்லாம் ஷட்டர் வழியாகத்தான். வருடத்தில் இரண்டு நாள் வரும் வெள்ளத்துக்காக நூறு டர்பைன் வாங்கி வைத்து, மீதி 363 நாள் துடைத்துக்கொண்டிருக்க முடியாது.

மேட்டூரிலும் இதே கதை, கொஞ்சம் பெரிய அளவில். 1924-இல் காவிரியில் வந்த பெருவெள்ளம் இன்றைக்கும் பேசப்படும். அடுத்த வருடம் வேலை தொடங்கி 1934-இல் மேட்டூர் முடிந்தது. அணையை ஒட்டிய மின் நிலையமும் சுரங்க மின் நிலையமும் சேர்ந்து 250 மெகாவாட். ஆனால் அங்கே எவ்வளவு தண்ணீர் விடுவது என்று முடிவு பண்ணுவது டெல்டாவின் நெல், மின்சாரம் கூட ஒட்டிக்கொண்டு வரும் விருந்தாளி. அணை நிரம்பிவிட்டால் வருவதை அப்படியே விடவேண்டியதுதான், 2018-லும் 2022-லும் விட்டார்கள். அது கொள்ளிடம் வழியாக வந்து நம் சிதம்பரம் பக்கத்துத் திட்டு கிராமங்களைச் சூழ்ந்தது. விசித்திரம் என்னவென்றால் அந்த வெள்ளம் ஆடி, ஆவணியில் வரும். கர்நாடகத்திலும் கேரளத்திலும் மழை, இங்கே சுள்ளென்று வெயில். மேலே ஒரு மேகம் இல்லை, மாட்டைப் படகில் ஏற்றிக்கொண்டிருப்பார்கள். அதைப் பார்த்தவர்களுக்கு ஆறு என்றால் என்ன என்று தனியாகச் சொல்ல வேண்டாம்.

பக்ராவைச் சொன்னீர்கள். வெள்ளத் தடுப்புக்கு உதாரணம் சொல்வதானால் நான் தாமோதரைச் சொல்வேன். 1943-இல் தாமோதர் நதி உடைத்துக்கொண்டு கல்கத்தாவுக்கு ரயில், சாலை எல்லாம் துண்டித்துவிட்டது. உலக யுத்த நேரம் வேறு. அமெரிக்காவில் 1933-இல் டென்னசி ஆற்றுக்கென்று ஒரு தனி அமைப்பு தொடங்கியிருந்தார்கள், அதைப் பார்த்து 1948-இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம். வெள்ளம், மின்சாரம், பாசனம் எல்லாம் ஒரே கையில். திட்டத்தில் எட்டு அணை. முதல் கட்டமாகக் கட்டியது நான்கு: தில்லையா, கோனார், மைத்தான், பஞ்சேத். அதிலும் மைத்தானிலும் பஞ்சேத்திலும் வெள்ளத்துக்கென்று ஒதுக்கிய மேல் பகுதி நிலத்தை முழுசாகக் கையகப்படுத்த முடியவில்லை, அங்கே ஜனங்கள் குடியிருக்கிறார்கள். அதனால் தாளில் உள்ள காலியிடம் அணையில் இல்லை. பெரிய மழை வருடங்களில் மேற்கு வங்கத்தில், இது மனிதன் உண்டாக்கிய வெள்ளம் என்று ஒரு சண்டை நடக்கும். கேட்டுப் பாருங்கள், நம் சாத்தனூர்ச் சண்டையை வங்காளத்தில் மொழிபெயர்த்த மாதிரியே இருக்கும்.

டென்னசிக்காரர்கள் ஒன்றை ஒழுங்காகச் செய்கிறார்கள். அங்கே பெருவெள்ளம் குளிர்காலத்தின் பிற்பகுதியில்தான் வரும், ஆகவே ஜனவரி பிறப்பதற்குள் அணைகளின் மட்டத்தைக் குறைத்துவிடுவார்கள், வெள்ள காலம் முடிந்தபின் கோடைக்கு நிரப்புவார்கள். எந்தத் தேதிக்கு எவ்வளவு மட்டம் என்று கோடு போட்டு வைத்திருப்பார்கள். இதற்கு ரூல் கர்வ் என்று பெயர், நம் நாட்டு அணைகளுக்கும் உண்டு. 2018 கேரள வெள்ளத்துக்குப் பிறகுதான் பத்திரிகைகளில் இந்த வார்த்தை அடிபட ஆரம்பித்தது. ஆனால் அவர்களுக்கு வெள்ளம் முடிந்த பிறகும் மழை இருக்கிறது, நிரப்ப வாய்ப்பு இருக்கிறது. வடகிழக்குப் பருவமழையை நம்பிய அணைக்கு அந்தச் சௌகரியம் இல்லை, டிசம்பரோடு கடை சாத்திவிடும்.

அப்போ இன்னும் பெரிய அணை? எங்கே கட்டுவீர்கள்? அணைக்கு இரண்டு மலை நெருங்கி வரும் இடுக்கு வேண்டும், பின்னால் அகலமான பள்ளம் வேண்டும். பெண்ணையாற்றில் அந்த மாதிரி நல்ல இடுக்கில் சாத்தனூர் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. திருக்கோவிலூர் தாண்டினால் தரை தட்டையாகிவிடும். அதற்குக் கீழே இருப்பதெல்லாம் வாய்க்காலுக்குத் தண்ணீர் திருப்பும் அணைக்கட்டுகள்: திருக்கோவிலூர், எல்லீஸ் சத்திரம், சொர்ணாவூர். சொர்ணாவூரிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகத்தான் புதுச்சேரியின் பாகூர் ஏரிக்குத் தண்ணீர் போகிறது. இவை வெள்ளத்தை ஒரு மணி நேரம்கூட நிறுத்தாது, அதற்காகக் கட்டியதும் இல்லை. தளவானூரில் 25 கோடி செலவில் கட்டிய தடுப்பணை, திறந்து சில மாதங்களிலேயே 2021 ஜனவரியில் உடைந்தது நினைவிருக்கும். அதைப் பற்றி என் வாயைக் கிளறாதீர்கள்.

அணையால் பிரயோஜனமே இல்லை என்று அர்த்தமில்லை. சின்ன, நடுத்தர வெள்ளத்தைச் சாத்தனூர் விழுங்கிவிடும், வருடா வருடம் விழுங்கிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் அதிலேயே ஒரு கேடும் இருக்கிறது. பத்து வருடம் ஆற்றில் பெரிய தண்ணீர் வராது. தை மாதம் ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவுக்குப் போனால் மணலில் சாமிகள் வரிசையாக நிற்கும், பிள்ளைகள் பஞ்சுமிட்டாய் தின்னும், சுருளிக்கிழங்கு விற்பார்கள், கணுக்கால் அளவுத் தண்ணீர் ஒரு ஓரமாக ஓடும். அதைப் பார்க்கிறவனுக்கு இந்த ஆறு இவ்வளவுதான் என்று தோன்றிவிடுகிறது. படுகையில் கல் நடுகிறார்கள், "ஆற்றங்கரைக் காற்று" என்று போர்டு வைத்து மனை விற்கிறார்கள். அணை கட்டுவதற்கு முந்தைய தலைமுறை அந்த இடத்தில் கொட்டகைகூடப் போட்டிருக்காது.

அணையே இல்லாமல் வரும் வெள்ளமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் பெய்தது. பெரியகாட்டுப்பாளையம், விசூர் பக்கம் ஓடைத் தண்ணீர் மண்ணை அடித்துக்கொண்டு வந்து வீடுகளையும் ஆட்களையும் கொண்டுபோனது. அங்கே மேலே எந்த அணையும் இல்லை, திறக்க ஷட்டரும் இல்லை, திட்ட அதிகாரியும் இல்லை. கெடிலத்திலும் பெரிய அணை கிடையாது. புதுச்சேரி வில்லியனூர்ப் பக்கம் சங்கராபரணியில் வரும் வெள்ளத்துக்கு மேலே வீடூர் அணை இருக்கிறது, அதன் கொள்ளளவு 0.6 டி.எம்.சி., கணக்கில் சேர்க்காமலே விடலாம்.

கடைசியாகக் கடல். புயல் நேரத்தில் கடல் மட்டம் ஏறியிருக்கும், முகத்துவாரத்தில் மணல் திட்டு வேறு. தாழங்குடா மீனவர்கள் "கடல் தண்ணி எடுக்கல" என்பார்கள், அதற்கு மேல் துல்லியமாக எந்தப் பொறியாளரும் சொல்லிவிட முடியாது. கடல் எடுக்காவிட்டால் ஆறு பக்கவாட்டில்தான் பரவும். கண்டக்காடு, நாணமேடு, உப்பலவாடி, அந்தப் பக்கம் பாகூர் ஊர்கள் எல்லாம் அந்தப் பரவலில் இருப்பவை. முகத்துவாரத்தைத் தூர்வாரி வைத்திருந்தால் தண்ணீர் நிற்கும் நேரம் குறையும். நீர்மின் நிலையம் திறப்பதைப் போல அதற்கு ரிப்பன் வெட்ட முடியாது என்பதால் யாருக்கும் ஆர்வமில்லை என்பது என் சந்தேகம்.

மனை விஷயம். சாத்தனூர் நீர்மட்டம் என்று பேப்பரில் போடுவதை மட்டும் பார்க்காதீர்கள், மழைக்காலத்தில் நீர்வரத்து எவ்வளவு என்பதைப் பாருங்கள். 117 அடி என்பது பயமுறுத்தாது, 117 அடியும் 50 ஆயிரம் கன அடி வரத்தும் என்றால் மாட்டை அவிழ்க்கலாம். வாங்கப்போகும் இடத்தில் தண்ணீர் வந்ததா என்று புரோக்கரிடம் கேட்டுப் பிரயோஜனமில்லை. சுவரைப் பார்த்தும் தெரியாது, வெள்ளையடித்துவிட்டுத்தான் காட்டுவார்கள். அந்தத் தெருவில் ஏற்கெனவே உள்ள வீடுகளில் கரண்ட் மீட்டர் பெட்டி எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். என் அக்கா வீட்டில் இப்போது நாற்காலி போட்டு ஏறித்தான் ரீடிங் எடுக்கிறார்கள்.